பீடி தேடும் இடம்

தனகோடி அக்காவிடம் எழுதப் பழகுகிறவர்கள் எல்லோரும் முதல் வாரமே ரிக்‌ஷா ஸ்டாண்டுக்குப் போயாக வேண்டும்.

அவர் வேலை பார்த்த கிறிஸ்தவப் பிரசுராலயத்தின் கேட்டுக்கு வெளியே நாலைந்து சைக்கிள் ரிக்‌ஷாக்கள் எப்போதும் நிற்கும். மதிய வெயிலில் அந்த ஆட்கள் கால் நீட்டிச் சாய்ந்திருக்கும்போது, எழுதிய துண்டுப் பிரதியைக் கொண்டுபோய் அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அக்கா இன்னொரு பிரதியையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். வாசிக்கிறவனைப் பார்க்கமாட்டார். கேட்கிறவர்களின் கைகளைத்தான் பார்ப்பார். ஒருவன் சட்டைப்பையைத் தடவிப் பீடியைத் தேடினால் போதும், அந்த வரிக்கு நேராக ஒரு கோடு விழும்.

“அவன் பீடியத் தேடுறான்னா நீ அவன விட்டுட்டேன்னு அர்த்தம், தம்பி. அந்த எடத்துல வெட்டு. யோசிக்காத.”

எழுபத்து நாலாம் வருஷம் அது. சகாதேவன் மரக்காணத்து உப்பளத்திலிருந்து மெட்ராஸுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவனோடு பயிற்சிக்குச் சேர்ந்த மற்ற இரண்டு பேரும் வேதசாஸ்திரம் படித்தவர்கள். அவன் ‘இன்னா’ என்று வாய் திறந்தால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வருஷக் கடைசியில் ஒருவரைத்தான் உதவி ஆசிரியராக வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. ஊரில் அம்மா, மகன் ‘புஸ்தக ஆபீசில’ இருக்கிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய் உப்பு வாரும் பலகையைத் தூக்க அவனுக்கு மனமில்லை.

முதலில் அவன் எழுதியதெல்லாம் கிருபை, இரட்சிப்பு, பரிசுத்தம் என்றே இருந்தது. ரிக்‌ஷாக்காரர்கள் இரண்டாவது வரியிலேயே ஒருவரிடம் ஒருவர் தீப்பெட்டி கேட்டார்கள்.

“இதெல்லாம் கோயிலுக்குள்ள உக்காந்திருக்கிறவனுக்குப் புரியும்” என்றார் அக்கா. “அவனுக்கு எதுக்குப்பா துண்டுப் பிரதி? இது ரோட்டுல போறவனுக்கு. ‘பாவியே’ன்னு கூப்பிட்டுக் காகிதத்த நீட்டுனா நீ வாங்குவியா? நான் வாங்கமாட்டேன். ஒரு ஆளப் பத்திச் சொல்லு. அவன் கை, அவன் கால், அவன் பசி. மத்தது தானா வரும்.”

ஓர் ஆள் என்றதும் சகாதேவனுக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் அப்பா காசிலிங்கத்தின் காலில் கிளிஞ்சல் குத்தியது. உப்புத் தண்ணீரிலேயே நின்று வேலை செய்ததில் அது புண்ணாகி, அழுகி, முழங்கால் வரை வீங்கியது. குடிசையில் படுத்துக் கிடந்தவரைக் கடைசியில் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் அங்கே இருந்தார். தினமும் ஊசி. தினமும் கட்டைப் பிரித்துச் சீழை எடுத்துப் புதுக் கட்டு. கட்டுப் போட வரும் ஆள் ஒரு கிறிஸ்தவர். வேலை முடிந்ததும் காசிலிங்கத்தின் காலில் கையை வைத்து, கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். கால் ஆறியது. ‘அந்த மனுசன் கும்பிடற சாமிதான் இனி எனக்கும் சாமி’ என்று சொல்லிக்கொண்டு காசிலிங்கம் ஊருக்குத் திரும்பினார்.

இதை முழுவதுமாக எழுதிக்கொண்டு போய் சகாதேவன் ஸ்டாண்டில் வாசித்தான். உப்புப் பாத்தியும் கிளிஞ்சலும் வந்தபோது யாரும் அசையவில்லை. புண் அழுகிய இடத்தில் ஒருவன் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வந்தது. மூன்று கைகள் ஒரே நேரத்தில் சட்டைப்பைக்குப் போயின.

“ஊசி போட்டா ஆறத்தான் செய்யும். இதுல இன்னா கீது நைனா?” என்றான் ஒருவன், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே.

அக்காவின் பென்சில் ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பித்து டிஸ்சார்ஜ் வரைக்கும் கோடு போட்டிருந்தது.

“இந்த எடம் தொய்யுது தம்பி. எப்படியும் நாலு பக்கத்துல அடங்கணும். ஏழெட்டு வரி போகணும். எதுன்னு நீயே பாத்துக்கோ.”

அவன் பார்த்துக்கொண்டான். வார்டு போனது. ஊசி போனது. சீழும் கட்டும் போயின. மிச்சம் இருந்ததை ஒட்டிப் பார்த்தான். ‘முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். அழுகிய என் காலைத் தன் வெறுங்கையால் தொட்டார். கண்ணை மூடி ஜெபித்தார். என் கால் ஆறியது.’ நாலு வாக்கியமும் நடந்தவை. அவன் ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை.

மறுநாள் ஸ்டாண்டில் ஒரு கையும் பைக்குப் போகவில்லை. வயசான ஒருவர் கேட்டு முடித்துவிட்டுத் தன் வெடித்த குதிகாலைத் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளே திரும்பும்போது அக்கா கேட்டார்.

“இதெல்லாம் நடந்ததுதானே தம்பி?”

“ஆமாங்கக்கா.”

“வேகத்துக்காக எதையும் சேக்கலியே?”

“ஒண்ணும் சேக்கலங்கக்கா.”

அக்கா அவன் தோளில் தட்டினார். அப்படி அவர் யாரையும் தட்டி அவன் பார்த்ததில்லை. மற்ற இரண்டு பேரும் அன்று அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

‘தொட்ட கை’ என்ற தலைப்பில், மரக்காணம் உப்பளத் தொழிலாளி காசிலிங்கம் சொல்வதாக அது அச்சாகியது. ஒரு கட்டு ஊருக்கும் போனது. மற்றப் பிரதிகள் போன இடங்களிலெல்லாம் இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். கோடை நடுவில் இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது அக்கா அவனைக் கூப்பிட்டார். “ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வா. உங்கப்பா மாதிரி இன்னொரு ஆளு கெடைக்குதான்னு பாரு. நல்லா வந்தா வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நானே சொல்லி உன்ன வேலையில வச்சிடுறேன்.”

திண்டிவனத்தில் பஸ் மாறி, பெருமுக்கல் மலையைக் கடந்து, அவன் மரக்காணத்தில் இறங்கியபோது உப்பளம் முழுக்க வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. நல்ல உப்புக் காலம். எல்லாப் பாத்தியிலும் ஆட்கள் இருந்தார்கள். அப்பாவின் பாத்தியில் மட்டும் அம்மா தனியாக வாரிக்கொண்டிருந்தாள்.

“அப்பா எங்கம்மா?”

“உங்கப்பனா? அவரு இப்பல்லாம் பாத்தியில எறங்கறதில்ல.” பாஞ்சாலை பலகையை வரப்பில் சாய்த்தாள். “சாமி தொட்ட காலாம். உப்புத் தண்ணியில வெக்கக் கூடாதாம். அப்ப என் கால யாருடா தொட்டது? நண்டா?”

சகாதேவன் சிரித்தான்.

“சிரிப்பா. காலையில கோட்டக்குப்பத்துக்குப் போனாரு. யாரோ கூப்ட்டாங்களாம், கத சொல்றதுக்கு. வெள்ளச் சட்ட ஒண்ணு வாங்கிக்கினாரு. பஸ்ஸுல கண்டக்டரு எழுந்து எடம் குடுக்கறானாம். அச்சுல வந்த ஆளு இல்ல?” அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஏன்டா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பாண்டியில அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் ஒரு மாசம் படுத்துக் கெடந்தேனே. பக்கத்து ஆளுங்க சோத்துல பாதி வாங்கித் தின்னுட்டுக் கெடந்தேனே. அத ஏன்டா எழுதல?”

“எடம் இல்லம்மா.”

“எடம் இல்லியா?”

“நாலு பக்கம்தான். அதுக்குள்ள அடங்கணும்.”

“ஓ” என்றாள் பாஞ்சாலை. பலகையைத் திரும்ப எடுத்தாள். “சரி, என்னத்தான் உட்டுட்ட. ஆஸ்பத்திரியையாவது வெச்சிருக்கலாமே. இங்க ஒருத்தி கால் அழுகிக்கினு கெடக்கறா.”

நடராசனும் அவன் மனைவி மங்கம்மாவும் இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் பெருமுக்கல் பக்கத்திலிருந்து பாத்தி வேலைக்கு வந்தவர்கள். காசிலிங்கம் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவர்கள் பார்த்ததில்லை. பத்து நாளாக மங்கம்மாவுக்குக் காலில் அதே மாதிரிக் கிளிஞ்சல் புண். நடராசன் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். பாண்டிக்குப் போக மாட்டேன் என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாள் அவள். காசிலிங்கம் மாமாவுக்கு ஆறிய மாதிரி தனக்கும் ஆறும் என்று படுத்திருந்தாள். காசிலிங்கம் தினமும் சாயங்காலம் போய் அவள் காலைத் தொட்டு ஜெபம் செய்துவிட்டு வந்தார்.

“நீ சொல்லலியாம்மா அவங்ககிட்ட?”

“சொல்லாம இருப்பனா? ‘அத்த, அச்சுல வேற மாதிரி இல்ல இருக்குது’ன்றா. உங்கப்பன் எனக்கு ஞாபகப் பெசகுன்றாரு. படிக்காதவ சொல்றத நம்புவாளா, அச்சுல வந்தத நம்புவாளா? நீ போயி சொல்லுடா. நீதான எழுதின.”

மங்கம்மாவின் குடிசை வாசலிலேயே அவனுக்கு வாடை தெரிந்தது. அப்பா படுத்துக் கிடந்த நாட்களின் அதே வாடை. நடராசன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வா தம்பி. நல்ல நேரத்துல வந்த. நான் சொன்னா கேக்கல. நீ சொல்லு அவகிட்ட.”

மங்கம்மா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கால் மட்டும் ஒரு மூட்டைமேல் தூக்கி வைத்திருந்தது. காய்ச்சலில் கண் பளபளத்தாலும் வாய் ஓயவில்லை.

“சகாதேவனா? நீதான் அத எழுதினியா? உன்னப் பாத்தா எழுதற ஆளு மாதிரியே இல்லியே. எலும்பும் தோலுமா இருக்கற. நம்ம நூர் முஹம்மது பாய் கடையிலதான் மொத மொத படிச்சிக் காட்டினாங்க. பாயே ரெண்டு வாட்டி படிச்சாரு. எனக்கு எழுத்து தெரியாது. ஆனா சொல்லட்டா?” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். அழுகிய என் காலைத் தன் வெறுங்கையால் தொட்டார்...”

அவன் நிறுத்தியிருந்த இடங்களிலேயே நிறுத்தி, அவன் இழுத்திருந்த இடங்களிலேயே இழுத்து, கடைசி வாக்கியம் வரைக்கும் சொன்னாள்.

“ஒவ்வொரு வாட்டியும் எனக்கு உடம்பு சிலுக்கும் தம்பி. வலி வரும்போது அதத்தான் சொல்லிக்கறேன்.”

“அக்கா” என்றான் சகாதேவன். “அக்கா, அப்பா ஒரு மாசத்துக்கு மேல ஆஸ்பத்திரியில இருந்தாரு. தெனம் ஊசி போட்டாங்க. கால தொட்டவரு அங்க கட்டுப் போடற ஆளு.”

“அச்சுல இல்லியே.”

“நான் எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டியா?” அவள் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தாள். “ஏன்?”

“கேக்கறவங்களுக்கு அந்த எடம் சலிப்பா இருந்துச்சிக்கா.”

மங்கம்மா அவனைப் பார்த்தாள். நடராசனைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

“எவனாவது ஆஸ்பத்திரிய சலிப்புன்னு உடுவானாடா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு. இந்தாளு உனக்கு டீ வாங்கிக் குடுத்துக் கூட்டியாந்தானா?”

“சத்தியமா அக்கா.”

“நீ மெட்ராஸுக்குப் போயிக் கெட்டுட்ட தம்பி. எழுதறப்ப நம்பிக்கை இருந்துச்சி. இப்ப இல்ல. எனக்கு இருக்குது.”

சாயங்காலம் காசிலிங்கம் வெள்ளைச் சட்டையில் வந்தபோது சகாதேவன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். மகனைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்.

“அப்பா, நீங்க பாண்டி ஆஸ்பத்திரியில எத்தினி நாளு இருந்தீங்க? சொல்லுங்க அவங்ககிட்ட.”

காசிலிங்கத்தின் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது. “ஆஸ்பத்திரியா? போனோம். போகாம என்ன. சும்மா ஒரு கட்டு கட்டி உட்டாங்க.”

“கேட்டியா?” என்றாள் மங்கம்மா, நடராசனைப் பார்த்து.

காசிலிங்கம் குனிந்து அவள் காலில் கை வைத்தார். சகாதேவனால் அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்தான்.

வரப்பில் அப்பாவை வழிமறித்தான்.

“ஏம்பா இப்படிப் பொய் சொன்னீங்க?”

“எது பொய்? டேய், எது பொய்?” காசிலிங்கம் குரலைத் தாழ்த்தினார். “நீ எழுதினதத்தான நான் சொல்றேன்? நீ படிச்சவன். உனக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரிக் கதைய நான் அஞ்சு வருசமா சொல்லிப் பாத்தேன்டா. எவன் கேட்டான்? ஊசின்னு சொன்னதும் அவன் அவன் எழுந்து போயிக்கினே இருப்பான். உன்னோடத சொன்னா உக்காந்து கேக்கறாங்க. பொம்பளைங்க அழுவறாங்க. அப்ப எது சரி? நீயே சொல்லு.”

“மங்கம்மாக்கா கால் போயிடும்பா. உயிரே போயிடும்.”

“நம்பிக்கை இருக்குதுல்ல அவளுக்கு” என்றார் காசிலிங்கம். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. “நாளைக்கு ஞாயித்துக்கிழம. எல்லாரும் வருவாங்க. அங்க வந்து என் மானத்த வாங்காத.”

பாதிரியார் திண்டிவனத்திலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் காசிலிங்கத்தின் குடிசைக்கு முன்னால் ஓலைப் பந்தலில் அவரே ஜெபம் நடத்துவார். முன்பெல்லாம் நாலைந்து பேர் வருவார்கள். இப்போது பந்தலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். அந்தச் சாமியைக் கும்பிடாதவர்களும் கதை கேட்க வந்திருந்தார்கள். நடராசனும் இன்னொருவனும் மங்கம்மாவைக் கட்டிலோடு தூக்கிவந்து முன்னால் இறக்கினார்கள். கால்மேல் ஈரத்துணி போட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டார்கள்.

காசிலிங்கம் எழுந்து தொண்டையைக் கனைத்தார். அதற்குள் சகாதேவன் எழுந்துவிட்டான். பாஞ்சாலை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றான். “இந்தக் கதைய எழுதினது நான்தான். அதுல ஒரு எடத்த நான் எடுத்துட்டேன். அத இப்ப சொல்றேன்.”

“டேய்” என்றார் காசிலிங்கம்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். எவ்வளவு மோசமாகச் சொல்கிறோம் என்று சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்தது. முதலில் வார்டைச் சொன்னான். அப்புறம் வண்டியில் போனதை விட்டுவிட்டோமே என்று பின்னால் போனான். எத்தனை கட்டில் என்றான், எத்தனை என்று தெரியவில்லை என்றான். ஊசி, மாத்திரை, கஞ்சி, பெட்ஷீட் என்று வரிசையில்லாமல் வந்துகொண்டிருந்தது. பந்தலுக்கு வெளியே நின்றவர்களில் ஒருவன் சட்டைப்பையைத் தடவினான். இன்னொருவன் காதிலிருந்த பீடியை எடுத்தான். இரண்டு பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். அந்த இடத்தில் வெட்டு, வெட்டு என்று அவன் உடம்பே சொல்லியது. காதும் முகமும் தீயாக எரிந்தன. அவன் நிறுத்தவில்லை.

“சீழ் வந்துகினே இருக்கும். நாத்தம் தாங்காது. கட்டுப் போடறவரு வருவாரு. அவரும் மூக்குல துணியக் கட்டிக்கினுதான் பிரிப்பாரு. பிரிச்சி, மருந்து வெச்சி...”

“இல்ல” என்றார் காசிலிங்கம்.

சகாதேவன் பேச்சை நிறுத்தினான்.

“துணி கட்டமாட்டாரு.” காசிலிங்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை. “மத்தவங்க கட்டுவாங்க. டாக்டர் கட்டுவாரு. பெருக்க வர்ற பொம்பள கூடக் கட்டுவா. அவரு கட்டமாட்டாரு. சும்மா தெரியாம சொல்லாத. உனக்குத் தெரியுமா? நீ கேட்டியா என்ன?”

“கேக்கலப்பா.”

“நானே சொன்னேன் அவருகிட்ட. ‘ஐயா, துணி கட்டிக்கங்கய்யா’ன்னேன். ‘உங்க மூஞ்ச நான் பாக்கணும், என் மூஞ்ச நீங்க பாக்க வேணாமா’ன்னாரு.” காசிலிங்கம் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். “மொத ஊசியில நான் அவரு கையக் கடிச்சிட்டேன். பல்லு பதிஞ்சிடுச்சி. அடுத்த நாளும் அவருதான் வந்தாரு. அந்தக் கையாலயே கட்டுப் போட்டாரு. வேற ஆள அனுப்பல.”

பாஞ்சாலை மெதுவாகச் சொன்னாள், “அவரு பேரு தேவநேசன். எனக்குக் கூட டீ வாங்கியாந்து குடுப்பாரு.”

“தேவநேசன்” என்றார் காசிலிங்கம். “ஒரு மாசம். ஒரு மாசத்துக்கு மேல. தெனம் காலையில இடுப்புல ஊசி.”

கட்டிலிலிருந்து மங்கம்மா பேசினாள். நேற்றுச் சிரித்த குரல் இல்லை அது.

“அப்ப உனக்குத் தெரியும்.”

காசிலிங்கம் திரும்பவில்லை.

“தெனம் வந்து என் கால தொட்டியே மாமா. தொடறப்பல்லாம் தெரியும். ஊசி போட்டுத்தான் ஆறிச்சின்னு தெரியும். தெரிஞ்சேதான் தொட்டியா?”

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெள்ளைச் சட்டைக்குள் தோள்கள் குலுங்கின. யாரும் அவரிடம் போகவில்லை. பாஞ்சாலையும் போகவில்லை.

மங்கம்மா சகாதேவன் பக்கம் திரும்பினாள்.

“நீ ஊரு உலகத்துக்கே படிக்கக் குடுத்துட்டியேடா. எங்கெங்க எவ எவ கால நீட்டிக்கினு படுத்திருக்காளோ.”

அவன் அதை நினைத்திருக்கவில்லை. இந்த ஒரு காலைத்தான் நினைத்திருந்தான். கட்டுக் கட்டாக அனுப்பிய ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. செங்கல்பட்டு, ஆற்காடு, திண்டிவனம்.

“எழுந்திரி” என்றாள் மங்கம்மா நடராசனிடம். “வண்டி இருக்குதா போயிப் பாரு. நின்னு வேடிக்க பாத்துக்கினு இருக்கியே.”

நடராசன் ஓடினான்.

வண்டி வர நேரமானது. அதற்குள் கூட்டம் கலைந்தது. சிலர் சகாதேவனைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும், “நல்லா எழுதினப்பா” என்றான். கிண்டலா, மெய்யா என்று தெரியவில்லை. இரண்டுமே ஒரே மாதிரிதான் வலித்தது.

மங்கம்மாவை வைக்கோல்மேல் படுக்கவைத்தார்கள். பாஞ்சாலை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சகாதேவன் வண்டியின் பின்கட்டையைப் பிடித்தான்.

“நீ ஏறாத” என்றாள் மங்கம்மா. “மாமாவும் ஏற வேணாம். அத்த போதும் எனக்கு.”

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் உப்பளத்தின் நடுவே மண்பாதை. வண்டி அசைந்து அசைந்து போனது. சகாதேவன் பின்னால் நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. காசிலிங்கம் செருப்பில்லாமல் வந்துகொண்டிருந்தார். வண்டிக்கும் அவர்களுக்கும் நடுவே கூப்பிடு தூரம் இருந்தது. அதைக் குறைக்க இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை.

மெட்ராஸுக்குப் போனதும் இரண்டாம் பதிப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும். போனதைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்க வேண்டும். தனகோடி அக்காவிடம் சொல்ல ஒரு வாக்கியத்தை மனதுக்குள் அமைத்துப் பார்த்தான் சகாதேவன். சேர்த்தாயா என்றுதான் அவர் கேட்டார், எடுத்தாயா என்று கேட்கவில்லை. அப்படி ஆரம்பிக்கலாமா? அசிங்கமாக இருந்தது. வேறு மாதிரி வைத்துப் பார்த்தான். எப்படித் தொடங்கினாலும் கடைசியில் தன்னைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ளும் விதமாகவே அந்த வாக்கியம் முடிந்தது.

பாதை திரும்பும் இடத்தில் வண்டி நின்றது. மாடு மிரண்டதோ என்று இருவரும் வேகமாகப் போனார்கள். மாடு சும்மாதான் நின்றது. மங்கம்மாதான் நிறுத்தச் சொல்லியிருந்தாள். அத்தையின் மடியிலிருந்து தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“மாமா.”

காசிலிங்கம் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“அந்த ஊசி ரொம்ப வலிக்குமா?”

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். சகாதேவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு நேரம் கழித்து இப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. வலிக்காது என்று சொல்லிவிடுவாரோ என்று.

“வலிக்கும் மங்கம்மா” என்றார் காசிலிங்கம். “மொத நாலு நாளு உயிரு போயி வரும். அப்புறமும் வலிக்கும். கட்டுப் பிரிக்கறப்ப அதவிட வலிக்கும்.”

மங்கம்மா அதைக் கேட்டுக்கொண்டாள்.

“சரி” என்றாள். தலையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியை ஓட்டச் சொன்னாள்.